எவர்சில்வர் டப்பா வாங்கினா மட்டும் போதுமா? குப்பையில்லாத லஞ்ச் பேக் கட்டுவது எப்படி?

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம். வேளச்சேரியில் இருக்கும் என் அக்கா ஒரு முடிவெடுத்தார். "இந்த வருஷம் ஃபாயில் கிடையாது, பிளாஸ்டிக் டப்பா கிடையாது. எல்லாமே எவர்சில்வர்தான்." இரண்டாம் வகுப்பு போகும் மகனுக்காக, நாலு பக்கமும் கிளிப் வைத்த, சாம்பார் ஒரு சொட்டுகூட சிந்தாத டிபன் பாக்ஸ் ஒன்று வாங்கினார்.

முதல் நாள் சாதம் பாதி திரும்பி வந்தது. இரண்டாம் நாள் முழுசாகத் திரும்பி வந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. கூட வைத்த பிஸ்கட் பாக்கெட் மட்டும் காலி. "வெண்டைக்காய் பிடிக்கலையா?", "பசிக்கலையா?" என்று கேட்டதற்கெல்லாம் பையன் தலையை மட்டும் ஆட்டினான். நாலாம் நாள் ராத்திரி, சும்மா அந்த டப்பாவை அவன் கையில் கொடுத்து "திற பார்ப்போம்" என்றேன். முகம் சிவக்க இழுத்தான். கிளிப் அசையவே இல்லை.

"யார்கிட்டயாவது கேட்கலாம்ல?"

"ஆயாம்மா எல்லாருக்கும் திறந்து குடுக்கணும் மாமா. என்கிட்ட வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடும்."

மறுநாள் லஞ்ச் பேக்கில் ஃபாயிலில் சுற்றிய சப்பாத்தி போனது. "குழந்தை சாப்பிட்டா போதும்டா. பூமியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் அக்கா. அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு நாள் பசியோடு இருந்தது அவர் பிள்ளை.

குப்பையில்லாத லஞ்ச் பேக் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட அழகான படங்கள் இருக்கின்றன. ஆனா காலை ஆறரை மணிக்கு அடுப்படியில் நிற்பவருக்கும், மதியம் அரை மணி நேரத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டிய குழந்தைக்கும் அது ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு லஞ்ச் பேக்கில் அப்படி என்ன குப்பை?

ஒரு நாள் கணக்கு சின்னதுதான். ஒரு துண்டு ஃபாயில், ஒரு பிஸ்கட் அல்லது சிப்ஸ் பாக்கெட், ஒரு ஜூஸ் டப்பா, ஒரு டிஷ்யூ. மொத்தம் நாலு.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் பள்ளி நடக்க வேண்டும். நாலை 200-ஆல் பெருக்கினால் ஒரு குழந்தைக்கு 800. வகுப்பில் 40 பேரும் இப்படியே கொண்டுவந்தால் ஒரு வகுப்பறைக்கு மட்டும் வருஷத்துக்கு 32,000 குப்பைத் துண்டுகள்.

இதெல்லாம் எங்கே போகும்? சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளைத் தெரியாதவர்கள் குறைவு. பெருங்குடி கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில்தான் கிடங்கு தீப்பிடித்து, சுற்றியுள்ள பகுதிகளைப் புகை சூழ்ந்தது. வேளச்சேரிக்காரர்களுக்கு அந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கும்.

அதான் பிளாஸ்டிக்கைத் தடை பண்ணிட்டாங்களே?

தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சு குழல், கேரி பேக் எல்லாம் இதில் வரும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நாடு முழுவதும் ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு, கப் போன்றவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை வந்தது.

ஆனா ஒரு விஷயம். 2022-ல் வந்த அந்தப் பட்டியலில் சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள் இல்லை. அவை, தயாரிக்கும் நிறுவனமே குப்பைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்கிற வேறொரு விதிமுறைக்குள் வருகின்றன. சின்ன ஜூஸ் டப்பாவைப் பாருங்கள். ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஸ்ட்ரா போய் பேப்பர் ஸ்ட்ரா வந்துவிட்டது. டப்பா அப்படியேதான் இருக்கிறது. அதில் சுமார் முக்கால் பங்கு அட்டை, மீதி பாலிதீனும் மெல்லிய அலுமினியமும். சிப்ஸ் பாக்கெட்டும் இதே கதைதான். பல அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரிப்பது கஷ்டம் என்பதால் பழைய பேப்பர் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார்.

அதாவது, தடை வந்த பிறகும் லஞ்ச் பேக்கில் மிச்சமிருக்கும் குப்பை நம் கையில்தான் இருக்கிறது.

ஃபாயில் உலோகம்தானே, மறுசுழற்சி ஆகாதா?

அலுமினியம் நல்ல மறுசுழற்சிப் பொருள்தான். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் எரிசக்தியில் சுமார் 5 சதவீதம் இருந்தாலே பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி பயன்படுத்திவிடலாம். பிரச்சினை எங்கேன்னா, எண்ணெயும் குழம்பும் ஒட்டிய, கசங்கிய மெல்லிய ஃபாயிலை யாரும் தனியாகப் பிரித்து எடுப்பதில்லை. அது நேராகக் கிடங்குக்குப் போகிறது.

இன்னொன்று, புளிப்பும் உப்பும் உள்ள உணவு அலுமினியத்தைக் கொஞ்சம் கரைக்கும். சூடாக, நீண்ட நேரம் சுற்றி வைத்தால் இது இன்னும் கூடும். ஒருநாள் சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனா லெமன் சாதம், புளியோதரை, தக்காளித் தொக்கு இதையெல்லாம் தினமும் ஃபாயிலில் கட்டும் பழக்கம் தேவையில்லை.

"அப்போ பழைய நியூஸ்பேப்பர்?" கூடவே கூடாது. அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் எண்ணெய்ப் பலகாரத்தில் எளிதாக இறங்கும். உணவை நியூஸ்பேப்பரில் கட்டுவதற்கும் வைப்பதற்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகளிலேயே தடை இருக்கிறது.

சப்பாத்தி, தோசை, அடை கட்ட நம்மிடம் ஏற்கெனவே நல்ல வழி உண்டு. வாழை இலைத் துண்டை அடுப்புத் தணலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடங்கும். அதை டப்பாவுக்குள் விரித்து மேலே வைத்தால் போதும். இலை இல்லாத நாளில் பழைய வேட்டி, காட்டன் புடவையில் கிழித்த சுத்தமான துணி. இட்லித் துணி வைத்திருக்கும் வீட்டில் இதைப் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிஷ்யூவுக்குப் பதிலாகவும் இதே துணிதான். அஞ்சு துண்டு வெட்டி வைத்தால் ஒரு வாரம் ஓடும்.

அப்போ புதுசா என்ன டப்பா வாங்கணும்?

முதல் பதில்: வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் நல்ல டப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று எழுதிய இன்னொன்றை வாங்கினால், முதல் குப்பையே அந்தப் பழைய டப்பாதான். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிப்ராப்பிலீன் டப்பா கீறல் விழாமல் நன்றாக இருந்தால் அது உடையும் வரை இருக்கட்டும். சூடான சாப்பாட்டை மட்டும் அதில் போடாமல், ஸ்நாக்ஸ், வெட்டிய பழம் வைக்கப் பயன்படுத்தலாம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் சாதாரண எவர்சில்வர். பாத்திரக் கடையில் '304' என்று கேட்டு வாங்குங்கள். சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த வகை அது, துருப்பிடிக்காமல் உழைக்கும். உள்ளே எவர்சில்வர், வெளியே கலர் பிளாஸ்டிக் என்று வரும் டப்பாக்கள் பார்க்க அழகுதான். ஆனா வெளி பிளாஸ்டிக் உடைந்தால் மொத்தமும் வீண். முழு எவர்சில்வர் என்றால் நசுங்கிய பிறகும் எடைக்குப் போட்டுக் காசு வாங்கலாம்.

'பேம்பூ' டப்பா விஷயத்தில் கொஞ்சம் உஷார். முழு மூங்கில் வேறு, மூங்கில் தூளை மெலமைன் பிசினில் கலந்து அச்சில் வார்த்தது வேறு. இரண்டாவது வகை பிளாஸ்டிக்தான். உணவு வைக்கும் பாத்திரங்களில் அந்தக் கலவைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை.

கேஸ்கெட் வைத்த டப்பா என்றால் இன்னொரு டிப்ஸ். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். "டப்பா நாறுது" என்று தூக்கிப்போடுவதற்குப் பெரும்பாலும் அந்த வளையம்தான் காரணம். தளர்ந்துபோனால் வளையத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

மூடி ஏன் திறக்கவில்லை?

அக்கா வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். கிளிப் கெட்டி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நாங்கள் யோசிக்காதது.

கொதிக்கக் கொதிக்க சாதத்தைப் போட்டு, காற்றுப் புகாத மூடியை உடனே மூடினால், உள்ளே இருப்பது சூடான காற்றும் நீராவியும். நேரம் ஆக ஆக அது ஆறிச் சுருங்கும், நீராவி தண்ணீராகும். உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். வெளிக்காற்று மூடியை உள்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கே இழுக்க வேண்டியிருக்கும்போது ஏழு வயசுக் கை என்ன செய்யும்?

இதற்குச் செலவே இல்லாத வழி: சாதத்தைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிஷம் ஆவி போகவிட்டு, பிறகு டப்பாவில் போடுங்கள். மூடியும் திறக்கும், சாதமும் வேர்த்து நசநசக்காது. எந்த டப்பா வாங்கினாலும் குழந்தையைக் கடைக்கே கூட்டிப்போய், "நீயே திற, நீயே மூடு" என்று அஞ்சு தடவை செய்யவிட்டுப் பாருங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிந்தாத டப்பாவைவிடத் திறக்க முடிகிற டப்பாதான் முக்கியம். குழம்பு சிந்தும் என்றால் குழம்பைச் சாதத்தில் பிசைந்தே கொடுத்துவிடலாம்.

காலையில் கட்டியது மதியம் கெடாமல் இருக்க?

ஏழு மணிக்குக் கட்டுவதைக் குழந்தை பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறது. சென்னை வெயிலில் அஞ்சரை மணி நேரம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. சோறு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி நின்று, சாதம் வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடந்தால் வளரத் தொடங்கும். அதனால் ராத்திரிச் சாதத்தை வெளியே வைத்திருந்து காலையில் தாளித்துக் கட்டுவது வேண்டாம். காலையில் வடித்ததே நல்லது. ஆற வைப்பதையும் தட்டில் பரப்பிச் சீக்கிரமாகச் செய்யுங்கள்.

நம் சமையலில் இதற்கான புத்தி ஏற்கெனவே இருக்கிறது:

* புளியோதரை, லெமன் சாதம்: புளிப்பு இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.
* தயிர் சாதம்: காலையில் பாலில் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுங்கள். மதியத்துக்குள் உறைந்து, புளிக்காமல் சரியாக இருக்கும்.
* இட்லி, தோசை: தேங்காய்ச் சட்னி வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கொடுங்கள். சட்னிக்கெனத் தனி டப்பா தேவையில்லை, கழுவ வேண்டிய பாத்திரமும் ஒன்று குறையும்.
* பொரியல்: தேங்காய்த் துருவல் சேர்க்காமல் வதக்கியது நல்லது.

ஸ்நாக்ஸ் பிரேக்குக்கு என்ன பண்றது?

லஞ்சைவிட அதிகக் குப்பை வருவது இங்கேதான். வாழைப்பழம், கொய்யா, ஆரஞ்சு தோலோடு வருகிற பாக்கெட்டுகள். வேகவைத்த வேர்க்கடலை, சுண்டல், பொட்டுக்கடலை உருண்டை, வெள்ளரித் துண்டு எதையும் சின்னச் சம்படத்தில் போடலாம். கடலை மிட்டாய் பிடிக்காத பிள்ளை குறைவு. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலை மிட்டாயாகவே இருக்கட்டும், பெரிய பாக்கெட்டாக வாங்கி வீட்டு டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அக்கா பையன் அழுவான். அஞ்சு ரூபாய் பாக்கெட் அஞ்சு வாங்குவதற்குப் பதில் ஒரு பெரிய பாக்கெட் வாங்கி, தினம் நாலு பிஸ்கட் சம்படத்தில் போட்டால் உறை குறையும். கணக்குப் பார்த்தால் காசும் பெரும்பாலும் மிச்சம்தான். கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 விதிமுறைகள் சொல்கின்றன. கடையில் விற்கக் கூடாததை நாமே பேக்கில் வைத்து அனுப்புவது கொஞ்சம் முரண்தான்.

பெரிய குப்பை எது?

ஃபாயிலும் பாக்கெட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனா எடை போட்டுப் பார்த்தால் லஞ்ச் பேக்கின் பெரிய குப்பை, சாப்பிடாமல் திரும்பி வரும் சோறுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 உணவு வீணாதல் அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. கிடங்கில் புதையும் உணவு காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வெளியிடும். நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அந்தச் சோற்றுக்குப் போன தண்ணீர், உழைப்பு, காசு தனிக்கணக்கு.

அக்கா அந்த வாரம் ஃபாயிலை மிச்சம் பிடித்தார். நாலு நாள் சாதத்தைக் குப்பையில் கொட்டினார். எது பெரிய நஷ்டம்?

டப்பா திரும்பி வந்தால் திட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். திறக்க முடிந்ததா? நேரம் போதுமானதாக இருந்ததா? யாராவது ஏதாவது சொன்னார்களா? மூன்றாவது ரொம்ப முக்கியம். "உன் சாப்பாடு நாறுது" என்று பக்கத்துப் பெஞ்ச் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கருவாட்டையும் முட்டையையும் மூடியே வைத்துத் திரும்பக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. அங்கே மாற்ற வேண்டியது டப்பாவும் இல்லை, சமையலும் இல்லை. வகுப்பாசிரியரிடம் பேச வேண்டும்.

அளவிலும் நாம் கொஞ்சம் தாராளம். "கூட ஒரு கரண்டி" வைக்காமல், போதவில்லை என்று குழந்தை சொன்னால் மறுநாள் கூட்டுங்கள்.

இவ்வளவு வேலையும் யார் செய்வது?

இதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அக்கா என்னை விடமாட்டார். துணி துவைக்கணும், இலை வாட்டணும், சம்படம் கழுவணும், சுண்டல் ஊறப்போடணும். ஃபாயில் என்றால் கிழித்துச் சுற்றினால் முடிந்தது. ஒவ்வொரு குப்பைக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் நேரம் மிச்சமாகிறது. அந்த 'யாரோ' பெரும்பாலும் அம்மா.

இந்தியாவின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 'பசுமை லஞ்ச் பாக்ஸ்' என்ற பெயரில் அந்த 289-ஐ 310 ஆக்குவது நியாயமில்லை.

அதனால் வேலையைப் பிரிக்க வேண்டும். ராத்திரி டப்பா, துணி, ஸ்பூன் எடுத்து வைப்பது அப்பா. சாயங்காலம் வந்ததும் டப்பாவைக் காலிபண்ணித் தண்ணீர் ஊற்றி வைப்பது குழந்தை. ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கான ஸ்நாக்ஸ் வாங்குவது யார் வேண்டுமானாலும். சமைப்பவர் சமைத்தால் போதும்.

பள்ளிகள் என்ன செய்யலாம்?

'குப்பையை வீட்டுக்கே எடுத்துப் போ' என்று சொன்னால் குப்பை இடம் மாறுமே தவிரக் குறையாது. அதைவிட உருப்படியான சில விஷயங்கள் உண்டு. சின்ன வகுப்புகளில் டப்பா திறந்து கொடுக்க லஞ்ச் நேரத்தில் கூடுதலாக ஒருவர். சாப்பிட அஞ்சு நிமிஷம் கூடுதல். தோலையும் மிச்சச் சோற்றையும் போட ஒரு தனித் தொட்டி, தோட்டம் இருந்தால் உரக்குழி. ஈரக் குப்பை, உலர் குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு விதிமுறைகளிலேயே இருந்தது.

இதில் அரசுப் பள்ளிகள் எல்லாருக்கும் முன்னால் நிற்கின்றன. காமராசர் காலத்தில் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-ல் சத்துணவாக விரிந்தது, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. பெரிய பாத்திரத்தில் சமையல், தட்டில் சூடாகச் சாப்பாடு, கழுவி அடுத்த நாளும் அதே தட்டு. ஃபாயில் இல்லை, பாக்கெட் இல்லை, திறக்க முடியாத மூடி இல்லை. 'ஜீரோ வேஸ்ட்' என்ற வார்த்தை வருவதற்கு ரொம்ப முன்னாடியே அந்த வரிசையில் தட்டோடு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா வீட்டில் இப்போ?

கிளிப் டப்பா மாமாவின் ஆபீஸ் லஞ்சுக்குப் போய்விட்டது. பையனுக்குப் பரணிலிருந்து இறங்கியது, அம்மா எங்களுக்குக் கட்டிக்கொடுத்த பழைய வட்ட டப்பா. சும்மா அழுத்தி மூடுகிற மூடி. சாதத்தை ஆறவிட்டுப் போடுகிறார்கள், அளவும் ஒரு கரண்டி குறைந்திருக்கிறது. மழை நாளில், லேட்டான நாளில் ஃபாயில் எட்டிப்பார்க்கிறது. வாரத்துக்கு அஞ்சாக இருந்தது இப்போது ஒன்று.

போன வாரம் டப்பா காலியாக வந்தது. "எல்லாத்தையும் நீயே சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டார்.

"பாதி நான். பாதி பக்கத்துல இருக்கறவனுக்கு. அவன் டப்பா திறக்க வரலம்மா."